சந்தாக் கவரில் சிங்கம்

வங்கிக்குள் நுழைந்து, நோட்டைக் கொடுத்து, மூட்டை மூட்டையாகச் சில்லறை கேட்கிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உட்காரச் சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் பெனோவை அப்படித்தான் உட்காரச் சொன்னார்கள். கடன் கேட்டு வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

கிளை மேலாளர் நாகலக்ஷ்மியின் பெட்டக அறையில் ஒரு மூலை முழுக்க நாணய மூட்டைகள். அதையெல்லாம் மக்களிடம் சேர்க்கவில்லையா என்று மேலிடத்திலிருந்து மாதாமாதம் கேள்வி வரும். மக்களோ சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தாலும் வாயில் போட்டுக்கொண்டு போவார்களே தவிர, மூட்டையைத் தூக்கமாட்டார்கள். இந்த நிலைமையில் தானாக வந்து, “ஒரு ரூவா மூட்டை ரெண்டு வேணும் மேடம்” என்றவனைப் பார்த்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“கடை வச்சிருக்கீயளா தம்பி?”

“இல்ல மேடம். சும்மாதான்.”

அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விசாரித்தால் மனம் மாறிவிடுவானோ என்ற பயம். டீ வந்தது. மூட்டைகளைக் காவலாளியே தூக்கிவந்து ஸ்கூட்டரில் வைத்தார். கிளம்பும்போது, “பத்து ரூவாயிலயும் ஒண்ணு போட்டுத் தரட்டா?” என்று, காய்கறிக்காரம்மா கொசுறாகக் கறிவேப்பிலை நீட்டுகிற தோரணையில் மேலாளர் கேட்டார்.

சும்மா என்று பெனோ சொன்னது பொய். எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தவன் ஒருநாள் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தான். அதில் ஒருவர் பழைய நாணயம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதன் விலை பத்து லட்சம் என்றார். அதை அப்படியே நம்புவதற்குப் பெனோ மடையனா? பத்தில் ஒரு பங்கை மட்டும் நம்பினான்.

அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேசை அவன் ஆராய்ச்சிக்கூடமாயிற்று. மூட்டையை அவிழ்த்து அம்மாவின் சுளகில் ஒரு குத்து கொட்டுவான். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான் வேலை. இங்கே கல்தான் வேண்டும், அரிசி வேண்டாம். ஒவ்வொரு காசாகத் திருப்பி, ஆண்டுக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத்தில் அடித்தது, புள்ளி இருந்தால் நொய்டா, வைர வடிவம் இருந்தால் மும்பை, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. எந்த ஆண்டில் எந்த ஊர்க் காசு குறைவு, எது தப்பாக அச்சானது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். இந்த மாதிரி பரீட்சைக்குப் படித்திருந்தால் இந்நேரம் தாசில்தார் என்று அவன் அப்பா ஒருநாள் சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பெனோ அடுத்த குத்தைக் கொட்டினான்.

அப்பா தேவமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். “எம்.எஸ்ஸி. கணக்குப் படிச்சவன் உக்காந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டிருக்கான்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார். குரலில் சோகமே இருக்காது. வானிலை அறிக்கை வாசிப்பது போல இருக்கும்.

எடுப்பது சுலபம், திருப்பிக் கொடுப்பதுதான் கஷ்டம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சலித்து முடித்த மூட்டையைக் கொண்டுபோனபோது நாகலக்ஷ்மி மேடம் டீ தரவில்லை.

“தம்பி, பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு. நீங்க திரும்பக் கொண்டாந்து விட்டா நாங்க என்ன செய்ய?” என்றார்.

அதனால் சலித்த காசெல்லாம் சங்கரின் புரோட்டாக் கடைக்குப் போயிற்று. சங்கர் பள்ளிக்கூடத்திலிருந்தே பெனோவுக்குக் கூட்டாளி. கடைக்கு வருகிறவர்களுக்கு மீதிச் சில்லறையாக அதைத் தள்ளிவிடுவான். நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டியவர்கள், சட்டைப்பை ஒருபக்கம் இழுக்க, சாய்ந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். பார்த்த காசு எது, பாராத காசு எது என்று தெரிய, அக்கா ரீபா கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து, சிலவற்றில் சிவப்புப் பொட்டு வைத்தான் பெனோ. மூன்றாவது மாதத்தில் வங்கி கொடுத்த புது மூட்டையிலிருந்து அந்தச் சிவப்புப் பொட்டுகள் அவனைப் பார்த்துச் சிரித்தன. பாளையங்கோட்டையின் மொத்தச் சில்லறையும் அவன் வழியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எட்டு மாதத்தில் கிடைத்தது, ஒரு சட்டைப் பொத்தான், நாலைந்து வாஷர், சிலோன் காசு ஒன்று, தலைவர்கள் படம் போட்ட நினைவு நாணயம் கொஞ்சம். அந்த நினைவு நாணயத்துக்கு வெளியில் என்ன விலை என்று விசாரித்தான். ஒரு ரூபாய் என்றார்கள்.

அப்பா ஒருநாள் காலை, செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் செய்தித்தாளை மடித்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

“ஏல பெனோ, ஸ்ரீபெரும்புதூர்ல ஒங்க அத்தான் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை இருக்காம். ஷிப்ட்டு. ஸ்தோத்திரப் பண்டிகை வரைக்கும் ஒனக்கு டைம். அதுக்குள்ள இந்தக் குப்பையில இருந்து உருப்படியா ஒத்தக் காசு, ஒரே ஒரு காசு எடுத்து, அது இவ்வளவு பெறும்னு எனக்குக் காட்டு. நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா பண்டிகைக்கு மறுநா ரயிலு.”

அத்தானின் கம்பெனிக்குப் பெனோ ஒருமுறை போயிருக்கிறான். அங்கே எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டு, காலையில் வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்தார்கள். அத்தான் அதில் முன்வரிசை. பெனோவுக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா தீர்ப்புச் சொன்ன அன்றும் அந்த முன்வரிசைதான் கண்முன் நின்றது.

பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சிங்கம் வந்தது.

ஒரு ரூபாய்க் காசு. ஒரு பக்கம் எல்லாக் காசிலும் இருப்பது போலச் சிங்கத் தலைகள். திருப்பினான். அந்தப் பக்கமும் சிங்கம், ஆனால் உள்ளே குழிந்து, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி. முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்க, அடுத்த காசின் மேல் அதுவே அச்சாகி விழுந்த பிழை. பெனோ சுளகைத் தள்ளி வைத்தான். படம் பிடித்து, மதுரையில் நாணய வியாபாரம் செய்யும் சேக் முகம்மதுக்கு அனுப்பினான். இதுவரை இவன் அனுப்பிய நூற்றுக்கணக்கான படங்களுக்கு அவர் பதிலே போட்டதில்லை. இந்தத் தடவை அவரே கூப்பிட்டார்.

“தம்பி, கழுவிராதீங்க. தேச்சிராதீங்க. துணியக் கூடக் காட்டாதீங்க. எட்டாயிரம் தர்றேன். நான் பம்பாய்ல எக்சிபிசன்ல இருக்கேன், பண்டிகை முடிச்சுட்டு மதுரைக்குக் கொண்டாங்க.”

எட்டாயிரத்தை ரொக்கமாக அப்பாவின் செய்தித்தாள் மேல் வைக்க வழியில்லை. அதனால் என்ன? பண்டிகையன்று காசை வைத்து, அதன்மேல் சேக் முகம்மதுவின் குரலை ஒலிபெருக்கியில் வைத்தால் போதும். அதுவரை காசைப் பத்திரமாக வைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அந்த வீட்டில் மேசைமேல் கிடக்கிற காசு பால்காரருக்கு. குளிர்பதனப் பெட்டிமேல் கிடக்கிறது கீரைக்காரிக்கு. ஜன்னல் திண்டில் இருந்தால் யார் முதலில் வாசலுக்கு வருகிறார்களோ அவர்களுக்கு. அம்மா ஜெபக்கனி கண்ணில் பட்ட சில்லறை பத்து நிமிடத்தில் செலவாகிவிடும்.

யாருமே கை வைக்காத இடம் ஒன்று இருந்தது. அலமாரியில் வேதப்புத்தகத்தின் மேல் இருக்கும் சந்தாக் கவர். கோயிலில், அதாவது தேவாலயத்தில், வீட்டுக்கு ஒன்றாக, குடும்ப எண் போட்டுக் கொடுத்திருப்பார்கள். மாதச் சந்தாவை அதில் போட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் சேர்க்க வேண்டும். பணத்தட்டுப்பாடு எவ்வளவு வந்தாலும் அந்த வீட்டில் அந்தக் கவரை யாரும் திறந்ததில்லை. திருடன் வந்தால்கூடத் தொடமாட்டான் என்று பெனோ நினைத்தான். காசைத் தாளில் மடித்து அதற்குள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

அடுத்த நாள் மாதத்தின் முதல் ஞாயிறு.

காலையில் சந்தாப் பணத்தைப் போடக் கவரைத் திறந்த ஜெபக்கனி, உள்ளே தாளில் மடித்த ஒற்றைக் காசைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. எட்டு மாதமாகச் சில்லறைக்குள் கிடக்கிற பிள்ளை, தன் உழைப்பின் முதற்பலனாக ஒரு காசை யாருக்கும் தெரியாமல் ஆண்டவருக்கு எடுத்து வைத்திருக்கிறான்! வாழைத்தாரில் முதல் சீப்பு, கோழியில் முதல் முட்டை, பிள்ளையில் முதல் காசு. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள். பெண்கள் பக்கத்தில் பை வந்தபோது அதில் போட்டுவிட்டு வெகுநேரம் தலைகுனிந்து ஜெபித்தாள். அதே நேரத்தில் ஆண்கள் பக்கத்தில் பெனோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான். நல்ல மனநிலையில் இருந்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது பொருளாளர் எலியேசர் அண்ணாச்சி வந்தார். இரும்புக்கடை முதலாளி. கடையில் கம்பி இறக்குகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

“சார், தப்பா நெனைக்கக் கூடாது” என்றார் தேவமணியிடம். அரைச் சபை திரும்பிப் பார்த்தது. “ஒங்க கவர்ல ஒரு செல்லாக் காசு கெடந்துச்சு. ரெண்டு பக்கமும் சிங்கம். யாராவது ஒங்கள ஏமாத்திருப்பாங்க.”

தேவமணியின் முகம் அவருடைய சட்டையைப் போல வெளுத்தது. முப்பது வருடம் மாணவர்களுக்கு நேர்மையைப் போதித்தவர், காணிக்கையில் செல்லாக் காசு போட்டவராகிவிட்டார். பெனோ உள்ளே புகுந்தான்.

“அண்ணாச்சி, அத எங்கிட்டத் தாங்க. நல்ல ரூவா ஒண்ணு போட்டுருதேன்.”

“போட்டது போட்டதுதாம்ல. ஆண்டவர் கைக்குப் போனதுக்கு மாத்து கெடையாது.”

“பத்து ரூவா தாரேன்.”

“எதுக்குல?”

“நூறு. சரி, ஐநூறு.”

எலியேசர் அண்ணாச்சி காசைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு பக்கமும் பார்த்தார். பழைய இரும்பை எடை போடும்போது இப்படித்தான் பார்ப்பார்.

“போன வருசம் ஒருத்தன் கெடாக்குட்டிய நேந்துவிட்டுட்டு, அது நல்லா வளந்துட்டுன்னு திருப்பிக் கேட்டான். குடுத்தமா? ஒத்த ரூவாய்க்கு நீ ஐநூறு நீட்டுதன்னா இதுல என்னமோ சோலி இருக்குடே. கமிட்டியில வைப்போம்.”

கமிட்டி கூடியது. பணமாக வந்தது வங்கிக்குப் போக வேண்டும். பொருளாக வந்தது ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குப் போக வேண்டும். இது பணமா, பொருளா? கோயில் கோபுரத்தில் விரிசல் விட்டபோது கால்மணி நேரத்தில் கலைந்த கமிட்டி இதற்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது. வங்கி வாங்காது என்பதால் இது பொருள்தான் என்று தீர்மானமாயிற்று. கோழி, பூசணிக்காய் வரிசையில் காசும் சேர்ந்தது.

வீட்டில் பெனோ உண்மையைச் சொன்னான். எட்டாயிரம் என்றதும் ஜெபக்கனி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“நீ முதற்பலன்னு வச்சிருக்கன்னுல்லா நெனச்சேன். ஐயோ, நான் சந்தோசப்பட்டு ஜெபம் வேற பண்ணுனனே!”

“சந்தாக் கவர்ல எதுக்கும்மா கைய விட்ட?”

“சந்தாக் கவர்ல நான் சந்தா போடாம, வேற யாருல போடுவா?”

அவன் அப்பாவைப் பார்த்தான். தேவமணி செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார். அதற்குப் பின்னாலிருந்து ஒரே வாக்கியம் வந்தது.

“ரயில் டிக்கெட் கன்பார்ம் ஆயிட்டு.”

அந்த வாரம் முழுக்க வீட்டில் மூன்று பேரும் மூன்று திசையில் யோசித்தார்கள். பெனோவின் யோசனை இது: ஏலத்தில் தானே காசைக் கேட்டால், எலியேசர் அண்ணாச்சி ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டே கொன்றுவிடுவார். வேறு ஆள் வைக்க வேண்டும். டியூஷன் எடுத்துச் சேர்த்த ஆறாயிரம் ரூபாயைச் சங்கரின் கையில் கொடுத்தான்.

“ஆறாயிரத்துக்கு மேல போகாத. ஆறுக்கு எடுத்தா எட்டுக்கு விக்கலாம். வெளங்குதா?”

“ஏலே, ஒத்த ரூவாய எவன்ல ஆறாயிரத்துக்குக் கேப்பான்? ஐம்பது ரூவாய்க்கு முடிச்சிட்டு வாரேன். மிச்சத்துக்கு நாட்டுக்கோழி எடுத்துட்டு வரட்டா?”

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எந்தப் பொருளும் அதன் விலைக்குப் போகாது. எலுமிச்சம்பழம் இரண்டாயிரத்துக்குப் போகும். ஒரு முட்டைக்காக இரண்டு குடும்பம் ஒரு வருடம் பேசாமலிருக்கும். கேட்பது பழத்துக்காக இல்லை. ஆண்டவருக்காக. அதைவிட முக்கியமாக, பக்கத்து நாற்காலிக்காரனுக்காக.

அன்று பந்தல் நிறைந்திருந்தது. சேரன்மகாதேவி ஏத்தன் வாழைத்தார்கள், நெல் மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டிப் போட்ட சேவல்கள். பின்புறம் அசனம் என்கிற பொதுவிருந்துக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. எலியேசர் அண்ணாச்சிக்கு ஏலம் விட மைக் தேவையில்லை. ஆனாலும் மரியாதைக்குக் கையில் பிடித்திருந்தார். மைக்செட் சுடலைமணியுடையது. ஆம்ப்ளிபயர் பக்கத்தில் வெற்றிலை மென்றபடி அவர் உட்கார்ந்திருந்தார். பெனோ கடைசி வரிசையில், வாழைமரத்துக்குப் பின்னால்.

“அடுத்தது, ரெண்டு பக்கமும் சிங்கம் உள்ள ஒத்த ரூவா! காணிக்கையா வந்தது. யாரு குடுத்தான்னு பேரு சொல்லக் கூடாதுன்னு கமிட்டி சொல்லிட்டு. தேவமணி சார், நீங்க சங்கடப்படாண்டாம்!”

தேவமணி முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு ரூவா!” என்றார் ஒருவர். பந்தல் சிரித்தது.

“நூறு” என்றான் சங்கர்.

“இருநூறு.” சேவல்கள் கட்டியிருந்த பக்கமிருந்து ஒரு பெண்குரல். பெனோ எட்டிப் பார்த்தான். பக்கத்துத் தெரு ஷரீபா பீவி. வருடாவருடம் ஏலத்தில் நாட்டுக்கோழி எடுக்க வருகிறவர். இவருக்கு எதற்குச் சிங்கம்?

“ஐநூறு” என்றார் சுடலைமணி, வெற்றிலையைத் துப்பிவிட்டு.

சிரிப்பு நின்றது. எலியேசர் அண்ணாச்சி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

“என்ன வே சுடலை, வாடகைப் பணத்த இங்கனயே விட்டுட்டுப் போகப் போறீரா?”

“ஏன், எங்காசு வேகாதா? ஏலத்த விடும் அண்ணாச்சி!”

ஆயிரம். ஆயிரத்து ஐநூறு. இரண்டாயிரம். சங்கர் ஒவ்வொரு முறையும் திரும்பி வாழைமரத்தைப் பார்த்தான், பெனோ தலையாட்டினான். நாலாயிரத்தில் நெல் மூட்டை ஏலம் எடுக்க வந்தவர்களெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆறாயிரம் என்று சங்கர் கத்தியதும், ஷரீபா பீவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “ஏழு” என்றார்.

பெனோ இரண்டு கையையும் குறுக்கே வீசி, போதும் என்று காட்டினான். ஆனால் சங்கருக்கு அதற்குள் ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது. புரோட்டாக் கடையில் இப்படி நூறு பேர் அவனையே பார்த்ததில்லை.

“ஏழாயிரத்து ஐநூறு!” என்றான்.

பெனோ ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தான். “மூதி, ஆறுக்கு மேல எங்கிட்ட ஏதுலே துட்டு?”

“அந்தம்மா என்னையப் பாத்து மொறைக்குதுடா!”

நல்லவேளை, அதற்குள் எட்டாயிரமாகிவிட்டது. ஒன்பதாயிரம். பெனோவுக்கு இப்போது புரிந்தது போலிருந்தது. எட்டாயிரம் பெறுகிற காசை அதற்குமேல் கேட்கிறார்கள் என்றால், அதன் உண்மையான விலை எட்டாயிரமே இல்லை. மதுரைக்காரர் ஏமாற்றியிருக்கிறார். பம்பாயிலிருந்தே ஆள் வைத்து ஏலம் எடுக்கிறார். ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள்! ஸ்ரீபெரும்புதூரின் ஒரே நிறச் சட்டை தன் உடம்பில் ஏறுவதை அவன் உணர்ந்தான்.

பத்தாயிரத்தில் ஐயர் எழுந்தார். அங்கே கோயில் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். மைக்கை வாங்கினார். கண் கலங்கியிருந்தது.

“கிறிஸ்தவர் ஒருவர் கொடுத்த சிறு காணிக்கைக்கு, நம்முடைய அன்பான இந்துச் சகோதரர்களும் இஸ்லாமியச் சகோதரியும் எப்படி முந்தி நிற்கிறார்கள் பாருங்கள். சபையாரே, ஒரு முட்டைக்குச் சண்டை போடுகிற நாம் வெட்கப்பட வேண்டும்.”

பந்தல் கைதட்டியது. மைக் கீச்சென்று கத்தியது. சுடலைமணி ஒரு கையால் திருகிச் சரிசெய்துகொண்டே, “பதினொண்ணு” என்றார்.

“பன்னெண்டு” என்றார் ஷரீபா பீவி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“பதினாலு!”

ஷரீபா பீவி பெண்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “நமக்கு வேண்டாம்பா” என்று ஒரு சேவலின் காலைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எலியேசர் அண்ணாச்சி அந்த ஒற்றை ரூபாயைத் தட்டில் வைத்து, அதற்கு ஒரு மாலையும் போட்டுக் கொடுத்தார். மாலைக்குள் காசைத் தேட வேண்டியிருந்தது.

சுடலைமணி காசை மடியில் முடிந்துகொண்டு பந்தலின் பின்பக்கம் நழுவினார். பெனோவும் சங்கரும் பின்னாலேயே போனார்கள். மதுரையிலிருந்து வந்த வண்டி ஏதாவது நிற்கும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இருப்பார், பிடித்துக் கேட்டுவிடலாம் என்பது பெனோவின் கணக்கு. அசனச் சோறு வெந்த அண்டாக்களுக்குப் பின்னால், புகைக்குள், வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். சுடலைமணி காசை அவர் கையில் கொடுத்தார். அவர் குனிந்து, உறையிலிருந்து நோட்டுகளை எடுத்து எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார். எண்ணும் விதம் பெனோவுக்குப் பழக்கமானதாக இருந்தது.

“அப்பா?”

தேவமணி நிமிர்ந்தார். மாணவன் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டால் எப்படி விழிப்பான் என்பது அவருக்குத் தெரியும். அப்படியே விழித்தார்.

“சாரு சொன்னாவ, எவன் வந்தாலும் விடாதன்னு” என்றார் சுடலைமணி, தன் பங்குக்கு. “நானும் விடல. அந்தப் புரோட்டாக் கடைக்காரன் இருக்கானே, சும்மா ஏத்திக்கிட்டே இருந்தான் சார்.”

“அண்ணாச்சி, நானு இங்கனதான் நிக்கேன்” என்றான் சங்கர்.

இதற்குள் அண்டாவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு கேட்டது.

“எம்மேல கோவிச்சுக்கிடாதிய அக்கா. நீங்க தந்தது பன்னெண்டுதான். அதுக்கு மேல நான் கேட்டா எம்மவன் என்னைய வீட்டுல சேக்க மாட்டான். அந்த மைக்செட்டுக்காரனுக்கு என்ன பித்தோ தெரியல.” ஷரீபா பீவி சுருட்டிய நோட்டுக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டிருந்தவள் ஜெபக்கனி.

புகை விலகியது. குடும்பம் ஒன்றையொன்று பார்த்தது.

முதலில் கணக்குப் போட்டவன் பெனோதான், எம்.எஸ்ஸி. வீணாகவில்லை. ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர், மூன்று ஆள் வைத்து, ஒரே காசை ஒருவரோடொருவர் போட்டி போட்டு, நூறிலிருந்து பதினாலாயிரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். வெளியாள் ஒருவர் மட்டுமே கேட்டார். அவர் கேட்டது இரண்டு ரூபாய்.

“ஒனக்கு ஏது பன்னெண்டாயிரம்?” என்றார் தேவமணி மனைவியிடம்.

“ஒங்களுக்கு ஏது பதினாலு?”

இரண்டு கேள்விகளுக்கும் பதில் வரவில்லை. முப்பத்திரண்டு வருட தாம்பத்தியத்தில் இனிமேலும் வராது என்பது போல இருவரும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

“நாந்தான் தொலைச்சேன், நாந்தான் எடுத்துத் தரணும்னு நெனச்சேன்” என்றாள் ஜெபக்கனி. “பிள்ளைய அம்புட்டுத் தூரத்துக்கு அனுப்பிட்டு, நான் யாருக்கு ஆக்கிப் போட?”

“நீங்க எதுக்குப்பா?” என்றான் பெனோ.

“ஒனக்காவன்னு நெனச்சிராத” என்றார் தேவமணி வெடுக்கென்று. “தேவமணி வீட்டுல செல்லாக் காசு போட்டான்னு அந்த எலியேசர் வேப்பமரத்தடியில நின்னு சொன்னான்லா? இப்பச் சொல்லட்டும். கோயில் வரலாத்துல இம்புட்டு வெலைக்குப் போன காணிக்க உண்டான்னு கேளு. போன வருசம் நெல்லு மூட்டையே ஒம்பதாயிரம்தான்.”

பெனோ தயங்கித் தயங்கிச் சொன்னான். “மதுரைக்காரரு எட்டாயிரம்தான் தருவாருப்பா. வித்தா ஆறாயிரம் நட்டம்.”

“விக்கதா? எதுக்கு விக்க? பதினாலாயிரம் பெறுற பொருள எட்டாயிரத்துக்குக் குடுக்க நான் என்ன கோட்டிக்காரனா?” தேவமணி காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, “இந்தப் பக்கத்துச் சிங்கம் குழிஞ்சு இருக்கு என்னா? எப்படில இது?” என்றார்.

பெனோ விளக்கினான். அசனச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு நின்ற காசு, அடுத்த காசு, அச்சு என்று அவன் கையை வைத்துக் காட்ட, முப்பது வருடம் கேள்வி கேட்ட மனிதர் குறுக்கே பேசாமல் கேட்டார். சங்கர் இலை போடும் இடத்தைப் பார்த்துவிட்டு நைசாக நகர்ந்தான்.

அப்போது தேவமணியின் கைபேசி அடித்தது. ஸ்ரீபெரும்புதூர். மாப்பிள்ளை. பெனோ அப்பாவை ஒட்டி நின்று காதைக் கொடுத்தான். ஜெபக்கனியும்தான்.

“ஆங், மாப்ள, சொல்லுங்க... பண்டிகை நல்லா நடக்கு... ஆமா, டிக்கெட் இருக்கு...”

அவர் காசை உள்ளங்கையில் வைத்து மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“இல்ல மாப்ள. டிக்கெட்ட கேன்சல் பண்ணிரலாம். அவனுக்கு இங்கனயே சோலி அமைஞ்சிட்டு... இல்லல்ல, கவர்மெண்டு இல்ல. இந்தக் காசு ஆராய்ச்சிதான். சும்மா சொல்லக் கூடாது, பய தேறிட்டான். இன்னைக்கு ஒத்தக் காசு பதினாலாயிரத்துக்குப் போயிருக்கு... ஆமா, பதினாலு. நூறு பேருக்கு முன்னால, ரொக்கம்.”

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். தேவமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, புகைக்குள் மகனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

“யாரு வாங்குனாவளா? பாளையங்கோட்டையில ஒரு பெரிய மனுசரு மாப்ள. ஒங்களுக்குத் தெரியாது.”